ரெட்மி 13சி வைத்திருப்பவர் 14சி-க்கு மாறலாமா?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அவரிடம் இருப்பது ரெட்மி 13சி; 6 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. சேமிப்பு. வாங்கி இரண்டு ஆண்டு ஆகப்போகிறது. இப்போது பேட்டரி நிற்பதில்லை, காலையில் நிரப்பினால் பிற்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது. கடைக்காரர், "14சி என்பது இதே போனின் மேம்பட்ட மாடல், பழையதைக் கொடு, மேலே கொஞ்சம் போடு, எடுத்துக்கொண்டு போ" என்கிறார். சென்னையில் இருக்கும் மாமா மகனோ, "14சி-யில் 5ஜி உண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கிறான். வீட்டில் அம்மாவிடம் ஒரு பழைய ரெட்மி 9ஏ இருக்கிறது, அதுவும் மிக மெதுவாகிவிட்டது. மாறலாமா, கூடாதா?

மாற வேண்டாம் தம்பி. உங்கள் கையில் இருப்பதும் கடைக்காரர் காட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே போன். உங்கள் குறை பேட்டரியில் இருக்கிறது. பேட்டரியை மாற்றினால் தீரும். புதுப் போன் வாங்கியே தீர வேண்டும் என்றால் 14-ஐத் தாண்டி 15சி-யைப் பாருங்கள். ஆனால் அம்மாவின் 9ஏ விஷயத்தில் என் பதில் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த 5ஜி குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மாமா மகன் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் 2025 ஜனவரியில் ரெட்மி 14சி 5ஜி என்று ஒரு போன் வந்தது. அதில் இருப்பது குவால்காமின் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 சிப். உங்கள் கடைக்காரர் காட்டுவது 2024 ஆகஸ்டில் வெளியான 4ஜி 14சி. அதில் இருப்பது மீடியாடெக்கின் ஹீலியோ ஜி81 அல்ட்ரா. திரை அளவு இரண்டிலும் 6.88 அங்குலம், பெயரும் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே இருப்பது மட்டும் முற்றிலும் வேறு. அவன் ஒரு போனைப் பற்றிப் பேசுகிறான், கடைக்காரர் இன்னொன்றை விற்கிறார். இந்தியாவில் எடுக்கப்பட்ட தமிழ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ரங்கூன் கடைகளில் போன் கேட்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். போதாக்குறைக்கு ரெட்மியைச் செய்யும் ஷாவ்மி கம்பெனி ஒரே போனுக்கு இரண்டு பெயர் வைக்கிறது: 13சி-யின் இரட்டைப் பிறவி போகோ சி65, 4ஜி 14சி-யின் இரட்டை 4ஜி போகோ சி75. யாராவது "4ஜி சி75 பிரமாதம்" என்றால் அது 14சி-யைப் பற்றிய பேச்சுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எண் கூடினால் போன் கூடும் என்ற நம்பிக்கை. விலை குறைந்த போன்களின் வரிசையைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இந்த நம்பிக்கை எப்போதோ போயிருக்கும். 4ஏ-யில் பேட்டரியின் கொள்ளளவு 3,120 எம்.ஏ.எச். இருந்தது. அடுத்து 2017-இல் வந்த 5ஏ-யில் அதே சிப், பேட்டரியோ 3,000-க்கு இறங்கிவிட்டது. கொசுறாக மெமரி கார்டுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அதைவிட வேடிக்கை 8ஏ-யும் 9ஏ-யும். 2019-இல் வந்த 8ஏ-யில் டைப்-சி சார்ஜிங் துளை இருந்தது. அடுத்த ஆண்டு வந்த 9ஏ-யில் பழைய மைக்ரோ யூ.எஸ்.பி.க்கே திரும்பிவிட்டார்கள்! திரை மட்டும் பெரிதானது. பிறகு 2022-இல் வந்த 10ஏ-யிலும் 9ஏ-யின் ஹீலியோ ஜி25 சிப்தான். விரல்ரேகைப் பூட்டு ஒன்று கூடுதல். குறைந்த விலைக்குள் அடக்க வேண்டும் என்றால் ஒரு பக்கம் கொடுப்பதை இன்னொரு பக்கம் எடுத்தே ஆக வேண்டும். கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைக் கொடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று பார்ப்பது வாங்குகிறவன் வேலை.

அப்படிப் பார்த்தால் 12சி-யிலிருந்து 13சி வந்தது நல்ல மேம்பாடு. சிப் அதே ஹீலியோ ஜி85, மாறவே இல்லை. ஆனால் மைக்ரோ யூ.எஸ்.பி. போய் டைப்-சி வந்தது, 10 வாட் சார்ஜிங் 18 வாட் ஆனது, திரையின் புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸிலிருந்து 90-க்குப் போனது, விரல்ரேகைப் பூட்டு முதுகிலிருந்து பக்கவாட்டுப் பட்டனுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் கைபடும் இடங்கள் இவை. மைக்ரோ யூ.எஸ்.பி. துளையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கேபிளைத் தலைகீழாகத் திணித்தால் அது வளையும், வளைந்தால் ஒருநாள் ஒடியும். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் இதுதான் கதை. டைப்-சியில் தலைகீழ் என்பதே இல்லை. கரண்ட் போன இருட்டில் கைவிளக்கைத் தேடிக்கொண்டே கேபிள் சொருகுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அன்று.

13சி-யிலிருந்து 14சி-க்கு வந்தால் அப்படி எதுவும் இல்லை. டைப்-சி அதே, 18 வாட் அதே, பின் கேமராவின் 50 மெகாபிக்சல் அதே. சிப்புக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜி85-இல் இரண்டு பெரிய கோர்கள், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகள், 2 கிகாஹெர்ட்ஸில் ஓடும், ஆறு சிறிய கோர்கள் 1.8-இல் ஓடும். ஜி81 அல்ட்ராவில் அதே வகைப் பெரிய கோர்கள் இரண்டு, அதே 2 கிகாஹெர்ட்ஸ். சிறிய கோர்கள் ஆறும் 1.7. காகிதத்தில் பார்த்தால் புதுசுதான் ஒரு மயிரிழை மெதுவானது! இரண்டும் 12 நானோமீட்டர் முறையில் செய்தவை, படம் காட்டும் பகுதியும் ஒரே மாலி ஜி52. 2020-இல் ரெட்மி நோட் 9-இல் வந்த சிப்பின் வழித்தோன்றலைத்தான் 2024-இல் "அல்ட்ரா" என்று பட்டம் கட்டி விற்கிறார்கள். மோசமான சிப் என்று சொல்லவில்லை. வைபர், பேஸ்புக், யூடியூப், பணம் அனுப்பும் செயலிகள் எல்லாவற்றுக்கும் தாங்கும். ஏற்கெனவே கையில் இருப்பதற்கு மறுபடியும் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

"ஆனால் அண்ணே, 14சி-யில் 16 ஜி.பி. ரேம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே" என்பீர்கள். பெட்டியைக் கையில் வாங்கி அந்த 16-க்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 8 கூட்டல் 8 என்று இருக்கும். முதல் எட்டு உண்மையான ரேம். இரண்டாவது எட்டு சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் போலக் காட்டுவது. இந்த வசதி உங்கள் 13சி-யின் செட்டிங்ஸிலும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அது ஏன் பேருக்குத்தான் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் போன்கள் எல்லாவற்றிலும் சேமிப்பு இ.எம்.எம்.சி. 5.1 வகை. விலை கூடிய போன்களில் இருப்பது யூ.எஃப்.எஸ். இ.எம்.எம்.சி.யை ஒற்றைவழிப் பாலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: படிக்கிறபோது எழுத முடியாது, எழுதுகிறபோது படிக்க முடியாது, ஒரு பக்கம் நின்றால்தான் மறுபக்கம் நகரும். வேக வரம்பும் நொடிக்கு 400 மெகாபைட்; யூ.எஃப்.எஸ். 2.1 வகையிலேயே அதைப்போல் மூன்று மடங்கு வரை போகும், போக்கும் வரத்தும் ஒரே நேரத்தில் நடக்கும். ரேமுக்கு இடமில்லை என்று இந்த மெதுவான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போன் எப்படி வேகமாகும்?

போன் மெதுவாகிவிட்டது என்று கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சேமிப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். 128 ஜி.பி.யில் 120-க்கு மேல் நிரம்பியிருந்தால் எந்தச் சிப் இருந்தாலும் திணறும். நம் ஆட்கள் வைபர் குழுக்களில் வருகிற காலை வணக்கப் படம், தைப்பூசக் காவடி வீடியோ, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம், எல்லாம் தானாக இறங்கி உட்கார்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஒருமுறை போனை அணைத்துப் போட்டால் பாதி நோய் தீரும். அதோடு அந்தக் கடன் ரேமை நிறுத்திவிடுங்கள். 6 ஜி.பி. உண்மை ரேம் இருக்கிற போனுக்கு அது தேவையே இல்லை, சேமிப்புச் சிப்பில் எழுதி எழுதி அதன் ஆயுளைக் குறைப்பதுதான் மிச்சம்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 13சி-யில் 6.74 அங்குலம், 14சி-யில் 6.88. பெரிதாக இருக்கிறதே தவிர தெளிவு கூடவில்லை. இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 260 புள்ளிகள் வரும். சின்ன எழுத்தில் 'ண'வும் 'ன'வும், 'ழ'வும் 'மு'வும் உங்கள் போனில் எப்படித் தெரிகின்றனவோ அப்படியேதான் அதிலும் தெரியும். வெயிலில் பார்க்கும் வெளிச்சமும் இரண்டிலும் ஒன்றே. 90 ஹெர்ட்ஸ் 120 ஆகியிருக்கிறது. விரலால் தள்ளும்போது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். எடை 200 கிராமைத் தாண்டிவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் யோசிக்கட்டும்.

முன் கேமரா மட்டும் உண்மையாகவே மாறியிருக்கிறது: 8 மெகாபிக்சல் 13 ஆகியிருக்கிறது. செல்பி எடுப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அக்காவோடு மலேசியாவுக்கு வீடியோவில் பேசுவதற்காக என்றால் ஒன்றும் தெரியாது. வீடியோ அழைப்பில் படத்தின் தரத்தை நிர்ணயிப்பது இணைய வேகம். இணைப்பு மெலிந்தால் செயலி படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அந்தப் பக்கம் அக்காவுக்குப் போய்ச் சேரும் கட்டம் கட்டமான முகத்துக்கு 8-உம் ஒன்றுதான், 13-உம் ஒன்றுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் போன் வாங்குகிறவன் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மின்சாரம். வெளிநாட்டு வீடியோக்களில் கேமராவுக்குப் பத்து நிமிடம், சார்ஜிங்குக்கு அரை நிமிடம் ஒதுக்குவார்கள். அவர்கள் ஊரில் கரண்ட் போவதில்லை. இங்கே முறை வைத்துக் கொடுக்கிறார்கள், அந்த முறையும் நிலையாக இருப்பதில்லை. நடுராத்திரியில் "மீ லா பீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று தெருப் பிள்ளைகள் கூவினால்தான் வந்தது தெரிகிறது. வந்தவுடன் தண்ணீர் மோட்டார், அரிசிக் குக்கர், இன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றாகப் பாயும். அந்த நேரத்துக்குள் போன் எவ்வளவு உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் நமக்கு வேகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5,000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட்-மணி மின்சாரம் அடங்கும். 10 வாட் சார்ஜரில் போட்டால் வெப்பமாக வீணாவது, கடைசி இருபது சதவீதத்தில் போன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்தை நெருங்கும். 18 வாட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 14சி-யின் 5,160 என்பது உங்கள் 5,000-ஐவிட மூன்று சதவீதம்தான் அதிகம். அந்த மூன்று சதவீதத்தையும் பெரிய திரையும் 120 ஹெர்ட்ஸும் தின்றுவிடும். சார்ஜ் ஏறும் வேகம் அதே 18.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் சார்ஜரைக் கையில் எடுத்து, சுவரில் சொருகும் இரண்டு கம்பிகள் இருக்கும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். வெளியீடு என்ற வரியில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட் சார்ஜர். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாட். 18 வாட் கிடைக்க வேண்டுமானால் 9 வோல்ட், 2 ஆம்பியர் என்ற எண்ணும் அங்கே இருக்க வேண்டும். 13சி 18 வாட் வாங்கும் போன்தான், ஆனால் பல சந்தைகளில் பெட்டிக்குள் 10 வாட் சார்ஜரைத்தான் வைத்துக் கொடுத்தார்கள். அப்படியானால் நீங்கள் இத்தனை நாளும் பாதி வேகத்தில்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நல்ல 18 வாட் சார்ஜர் ஒன்று வாங்குவது 14சி-க்குப் போவதைவிடப் பெரிய மேம்பாடு.

சோலார் பலகையும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் யூ.எஸ்.பி. துளைகள் பெரும்பாலும் 5 வோல்ட்தான் தரும். அதில் எந்தப் போனைச் சொருகினாலும் 10 வாட்டுக்கு மேல் ஏறாது. 33 வாட் போன் வாங்கிவிட்டு அதில் சொருகி, "ஏமாற்றிவிட்டார்கள்" என்று வந்து நிற்காதீர்கள். கார்களில் சொருகும் விரைவு சார்ஜர் ஒன்றை அந்த 12 வோல்ட் பேட்டரியோடு இணைத்தால் 9 வோல்ட் கிடைக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இடையில் ஒரு பியூஸ் போடச் சொல்லுங்கள். சொந்தமாகக் கம்பியை முறுக்க வேண்டாம்.

இந்தக் காரணத்தால்தான் 15சி-யைச் சொன்னேன். 2025-இல் வந்தது. சிப் அதே ஜி81 அல்ட்ரா, இப்போது மூன்றாவது முறையாக ஒரே சோறுதான். திரை 6.9 அங்குலம், புள்ளிகள் அங்குலத்துக்கு 254 ஆகக் குறைந்துகூட இருக்கிறது. முன் கேமரா 13-இலிருந்து மறுபடி 8. இதையெல்லாம் பார்த்து உதடு பிதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் பேட்டரி 6,000 எம்.ஏ.எச்., சார்ஜிங் 33 வாட். கரண்ட் ஒன்றரை மணி நேரம் வந்தாலும் போதும், வெறும் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பியது அடுத்த நாளும் தாங்கும். எடுத்த இடத்தையும் கொடுத்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால், பர்மாவில் இருக்கிறவனுக்குக் கொடுத்ததுதான் பெரிது. 33 வாட் வேகத்துக்கு அதே கம்பெனியின் 33 வாட் சார்ஜரும் அதற்கான கேபிளும் வேண்டும். சந்தையில் கிடைக்கும் மெல்லிய கேபிளைப் போட்டால் வேகம் இறங்கிவிடும்.

இப்போது உங்கள் 13சி-யின் பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: வெப்பம், அடிமட்டம் வரை வற்றவிடுவது. கரண்ட் இல்லாத ஊரில் இரண்டுமே நடக்கும். பூஜ்யத்துக்கு வற்றும் வரை ஓட்டுவோம், கரண்ட் வந்ததும் காற்றாடி இல்லாத அறையில் போட்டு நிரப்புவோம், நிரம்பும்போதே வீடியோவும் பார்ப்போம். இரண்டு ஆண்டில் தளர்ந்தது ஆச்சரியம் இல்லை. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தால் பேட்டரி முடிந்தது என்று பொருள். பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் உடனே அணைத்து எடுத்துச் செல்லுங்கள். வீங்கிய பேட்டரியை அழுத்தி மூடப் பார்ப்பது தீயோடு விளையாடுவது.

மாற்றும்போது பழைய பேட்டரியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லி, அதன்மேல் இருக்கும் மாடல் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிடுங்கள். அதே அளவுப் பேட்டரியில் 6,500, 7,000 என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது, லேபிள்தான் பெரிது. இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தாலே போலி பெரும்பாலும் எடை குறைந்து நிற்கும். மூடிக் கொடுத்த பிறகு கடையிலேயே நின்று விரல்ரேகை, ஒலிபெருக்கி, மைக், சார்ஜ் ஏறுவது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

எஃப்.எம். ரேடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 13சி-யில் ஹெட்போன் துளையும் எஃப்.எம்.மும் இருக்கின்றன, ஹெட்போன் கம்பியைச் சொருகினால் அதுவே ஆன்டெனா. நீண்ட நேரம் கரண்ட் போனால் டவர்களின் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து சிக்னலும் போகிறது என்பது நாம் அறிந்ததே. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பத்து ரூபாய் பெறாத ஒரு கம்பி ஹெட்போனை மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். புளூடூத் வந்துவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம்.

எதை வாங்கினாலும் எங்கிருந்து வந்த போன் என்று பாருங்கள். கியாட்டின் அரசு விலை டாலருக்கு 2,100 என்று 2022-இல் நிறுத்திவைத்தார்கள். 2024-இல் வெளிச்சந்தையில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. இறக்குமதிச் சரக்கின் விலை வாரத்துக்கு வாரம் ஆடும்போது எல்லை வழியாக வரும் போன்கள் மலிவாகத் தெரியும். மியாவாடி வழியாகத் தாய்லாந்துச் சரக்கு, மூசே வழியாகச் சீனச் சரக்கு. தாய்லாந்துப் போனில் வாரண்டி பிரச்சினை. சீனச் சந்தைக்கென்று செய்த போன் வேறு ரகம்: மெனுவில் தமிழும் இருக்காது, பர்மிய மொழியும் இருக்காது, கூகுள் செயலிகள் முறையாக இருக்காது. அதன் மென்பொருள் பூட்டை உடைத்து உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏற்றினால் ஓடும். ஆனால் அடுத்த அப்டேட்டில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது, பணம் அனுப்பும் செயலிகளும் முரண்டு பிடிக்கக்கூடும். கடையிலேயே போனைத் திறந்து மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியின் ஒட்டுத்தாளில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பழைய போன் மலிவாகக் கிடைக்கிறது என்று 2019-க்கு முந்திய ஏதாவது ஒன்றை யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம் என்பேன். அந்த ஆண்டு அக்டோபர் 1-இல்தான் நாடு ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்திய பல போன்களில் ஜாஜி எழுத்துருவை உள்ளேயே திணித்திருப்பார்கள். தமிழ் சரியாகத் தெரியும், பர்மிய எழுத்து மட்டும் கலைந்து கிடக்கும். நீங்கள் பார்க்கிற 13, 14, 15 எதற்கும் இந்தத் தொல்லை இல்லை.

சிம் கார்டு ஒன்றுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்த காலத்தையும், 2014-இல் புதுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்த நாளையும் உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தரைவழித் தொலைபேசியைத் தொட்டே பார்க்காத பல வீடுகள் நேரே ஸ்மார்ட்போனுக்கு வந்தன. வந்தது முழுக்க விலை குறைந்த போன்களின் முதுகில் ஏறித்தான். அதனால் யாராவது "பட்ஜெட் போன்தானே" என்று இளப்பமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இனி அம்மாவின் 9ஏ. நீங்கள் அதைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது. ஹீலியோ ஜி25 சிப்பில் எட்டுக் கோர்களும் சிறிய பழைய வகை. பெரிய கோர் என்று ஒன்றுகூடக் கிடையாது. ரேம் 2 ஜி.பி. பதிப்பாக இருந்தால் வைபரைத் திறந்துவிட்டு யூடியூபுக்குப் போனால் வைபர் மூடிக்கொள்ளும், அழைப்பு வந்தாலும் தாமதமாகத்தான் மணி அடிக்கும். மைக்ரோ யூ.எஸ்.பி. துளை, 10 வாட் சார்ஜிங், விரல்ரேகைப் பூட்டு இல்லை. அங்கிருந்து 14சி-க்கு வந்தால் சிப், ரேம், துளை, சார்ஜிங், பூட்டு எல்லாமே மாறும். உங்களுக்குப் பெயர் மாற்றமாக இருக்கிற அதே போன் அம்மாவுக்கு உண்மையான மேம்பாடு. கடைக்காரர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்.

ஆக, உங்களுக்கு இரண்டு வழி. கையில் காசு குறைவு என்றால் 13சி-க்குப் பேட்டரியும் 18 வாட் சார்ஜரும் வாங்கிக்கொண்டு நீங்களே ஓட்டுங்கள், அம்மாவுக்கு 14சி எடுத்துக் கொடுங்கள், 4 ஜி.பி. பதிப்பு அவருக்குப் போதும், மிஞ்சுகிற பணத்தில் கண்ணாடி ஒட்டியும் நல்ல உறையும் வாங்கலாம். கொஞ்சம் கூடுதலாகப் போட முடியும் என்றால் நீங்கள் 15சி எடுத்துக்கொண்டு, புதுப் பேட்டரி போட்ட 13சி-யை அம்மாவிடம் கொடுங்கள். 14சி-க்கும் 15சி-க்கும் உங்கள் கடையில் விலை வித்தியாசம் ஒரு நல்ல சார்ஜரின் விலைக்குள் இருந்தால் இரண்டாவது வழிக்கே என் ஓட்டு. கடைக்காரர் 13சி-க்கு மாற்று விலையாக எவ்வளவு சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. பேட்டரி செத்த போனுக்கு அடிமாட்டு விலைதான் சொல்லியிருப்பார். அந்த விலைக்குக் கொடுப்பதைவிட வீட்டிலேயே ஓடட்டும்.

9ஏ-யைக் கொடுப்பதானால், அழிப்பதற்கு முன் அம்மாவின் கூகுள் கணக்கையும் ஷாவ்மி கணக்கையும் செட்டிங்ஸில் போய் நீக்கிவிடுங்கள்; நீக்காமல் அழித்தால் வாங்குகிறவர் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். வைபரில் இருக்கும் படங்கள் தானாகப் புதுப் போனுக்கு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் படம் வேண்டும் என்று அவரிடமே கேட்டு மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். 9ஏ-யில் இருக்கும் கார்டு 13சி-யிலும் போடலாம், 14சி-யிலும் போடலாம். இரண்டிலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது.